கோப்பில் ஏறாத வலி

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்குத் தம்பி போன் செய்து "வயிறு வலிக்குதுக்கா" என்றான். அக்கா திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை போட்டியா?"

"வயித்துவலிக்கும் அந்த மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?" என்றான்.

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அப்போது ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தாள். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். சூடாக ஏதாவது குடி, சாயங்காலம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். சாயங்காலம் பேசவும் செய்தாள். குரல் சோர்வாகத்தான் இருந்தது. மறுபடியும் ஆரம்பிக்கிறதோ என்று மனதுக்குள் ஓடியதே தவிர, வயிற்றில் என்ன என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுபடியும் என்றால் ஒன்பது வருடக் கதை. தம்பி லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவனுக்கு ஸ்பானர் என்று பெயர். சட்டைப்பையில் பேனா வைக்க வேண்டிய இடத்தில் சின்ன ஸ்பானர் வைத்திருப்பான். இருபத்து மூன்று வயதில் ஒருமுறை ஐந்து நாள் தொடர்ந்து தூங்காமல், ஒரு கட்டடத்தின் மூன்று லிஃப்டுகளையும் யாரும் சொல்லாமலே பிரித்துப் போட்டுவிட்டான். அதற்கு முன்னால் ஆறு மாதம் படுக்கையைவிட்டு எழவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் டாக்டர் டிப்ரஷன் என்று எழுதினார். அடுத்து வந்தவர், அவன் படபடவென்று பேசுவதைக் கேட்டுவிட்டு, இல்லை இது பைபோலார் என்றார். மூன்றாமவர் இருபது நிமிடம் பேசினார். அந்த இருபது நிமிடத்தில் அவன் இரண்டு முறை கோபப்பட்டதால் பர்சனாலிட்டி டிஸார்டர் என்று ஒன்றைச் சேர்த்தார். பிறகு வந்த ஒருவர் மனச்சிதைவு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கேள்விக்குறியை அதற்கப்புறம் யாரும் அடிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நெஞ்சு வலிக்கிறது என்று அவனே ஓடிப்போய் அவசரப் பிரிவில் நின்றான். இதயம் நன்றாகத்தான் இருந்தது. "உடல் நோய் இல்லாமலே உடல் உபாதை சொல்பவர்" என்று அன்றைக்கு ஒரு வரி ஏறியது.

லித்தியம் மாத்திரை மட்டும் ஆறு வருடமாக மாறவில்லை. அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போனான், தனி அறை எடுத்துக்கொண்டான், விடுமுறை நாளில் அக்காவின் வேனுக்கு ஆயில் மாற்றிக் கொடுத்தான். "மாத்திரையோட எனக்கு சண்டை இல்லக்கா. பேரோடதான் சண்டை" என்பான். "ஒரு லிஃப்டுக்கு நாலு மெக்கானிக் நாலு கோளாறு எழுதினா, அந்த லிஃப்ட்ல நீ ஏறுவியா?"

புதன்கிழமை அவன் போன் செய்யவில்லை. வியாழக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஒன்பது மணி சுமாருக்கு அக்கா அவன் அறைக்குப் போனாள். கதவு தாழ் போடாமல் இருந்தது. தரையில் முழங்காலை மார்போடு மடக்கிப் படுத்துக் கிடந்தான். பக்கத்தில் வாளி. வாந்தி எடுத்து எடுத்து உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தபோது டம்ளர் அவன் கையில் கடகடவென்று ஆடியது.

"எப்போலேர்ந்துடா?"

"போன் பண்ணேனே. அப்போலேர்ந்து."

அக்கா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். தோளில் கைபோட்டு இரண்டு மாடி இறக்கி, பிள்ளைகள் உட்காரும் குட்டி சீட்டில் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வண்டியை எடுத்தாள்.

வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். அங்கேதான் அவனுடைய கோப்பு இருந்தது. அது உதவும் என்று நினைத்தாள்.

அவசரப் பிரிவு நர்ஸ் முதலில் நன்றாகத்தான் பேசினாள். "பாத்து உக்காருங்க. எங்க வலிக்குது? லேசா காய்ச்சல் இருக்கே" என்றாள். அடையாள எண்ணைக் கேட்டு கம்ப்யூட்டரில் தட்டினாள். திரையைப் படித்தாள். பிறகு தம்பியிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அக்காவிடம் பேச ஆரம்பித்தாள். "கூட இருக்கறது நீங்கதானா? மாத்திரையெல்லாம் ஒழுங்கா குடுக்கறீங்களா?"

"அவனே போட்டுக்குவான். அவனுக்கு முப்பத்திரண்டு வயசு."

டூட்டி டாக்டர் வந்தார். இளவயது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது, எத்தனை மணி நேரமாக நிற்கிறாரோ. வரும்போதே படித்துவிட்டுத்தான் வந்தார் என்பது அவர் நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டதில் தெரிந்தது. இரண்டு விரலால் வயிற்றை ஒரு தடவை அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டு, "வேலைல ஏதாவது டென்ஷனா?" என்றார்.

"இல்ல டாக்டர். வலது பக்கம், கீழ. குத்துது."

"தூக்கம் எப்படி இருக்கு?"

"வலில எங்க தூங்கறது?"

"சரி. எத்தனை நாளா தூங்கல?" பேனா ஓடியது. "யாராவது உங்களுக்கு எதிரா ஏதாவது பண்றாங்கன்னு தோணுதா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். கேள்வி எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பாதையில் அவன் பலமுறை போயிருக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "டாக்டர், நான் லித்தியம் சாப்பிடறேன். ரெண்டு நாளா வாந்தி. தண்ணி நிக்கல. கை நடுங்குது. வாந்தி எடுத்தா ரத்தத்துல அது ஏறும்னு எனக்கு சொல்லிக் குடுத்திருக்காங்க. வயித்தையும் பாருங்க, ரத்தத்தையும் பாருங்க. அவ்வளவுதான்."

"எல்லாம் பாக்கலாம். முதல்ல கொஞ்சம் ரிலாக்ஸ் ஆகுங்க. இந்த நடுக்கம் பதட்டத்துல வர்றது."

"பதட்டம் இல்ல டாக்டர்."

"ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சுவலின்னு வந்தீங்கல்ல?"

"அது அப்ப. இது வயிறு."

"அப்பவும் இப்படித்தான் சொல்லியிருக்கீங்க."

அப்போதுதான் தம்பி கத்தினான். வயிறு என்று ஒரே ஒரு சொல். அந்தச் சொல் முடியும்போதே வலி அவனை இரண்டாக மடக்கியது. கட்டிலின் இரும்புக் கம்பியை ஓங்கி அடித்தான். திரைச்சீலை விலகியது. காவலாளி நின்றார். ஒன்றும் செய்யவில்லை, இடுப்பில் கைவைத்துச் சும்மா நின்றார். அதுவே போதுமாக இருந்தது. தம்பி கையை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். டாக்டர் எழுதியதை அக்கா எதிரே நின்றபடி தலைகீழாகப் படித்தாள். பதற்றமாக இருக்கிறார். ஒத்துழைக்கவில்லை. அந்த வரியில் வயிறு இல்லை, வலி இல்லை.

"ஒரு ஊசி போடறோம். அமைதியாயிடுவார். திங்கக்கிழமை மனநல ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க."

"என்ன ஊசி டாக்டர்? வலிக்கா?"

"தூங்கறதுக்கு."

"தூங்கிட்டா வலிக்குதுன்னு யார் சொல்றது?" என்றாள் அக்கா.

டாக்டர் குறிப்பை மூடினார். அவள் கெஞ்சிப் பார்த்தாள். ஒரு ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை, எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திருக்கிறோம் என்றாள். குரல் உயர்ந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசினாள். இந்த அறையில் உயர்ந்த குரல் எல்லாம் நோயாகிவிடும் என்று அவளுக்கும் புரிந்திருந்தது. பலிக்கவில்லை. மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறுகிறோம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவனை எழுப்பினாள். காவலாளி அவரே வந்து கைத்தாங்கலாகப் பிடித்து வேன் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "வேற எங்கயாவது காட்டுங்கம்மா. மூஞ்சியே சரியில்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து தம்பி பேசினான்.

"அவர குத்தம் சொல்லாதக்கா. நீயும் முதல்ல மாத்திரையத்தான கேட்ட."

அவள் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. "ஆமா" என்றாள்.

இரண்டு தெரு தாண்டியதும் அவன் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா, வலி குறைஞ்சிருச்சு."

"நிஜமாவா?"

"நிஜமா. சட்டுனு நின்னுருச்சு." பிறகு தாழ்ந்த குரலில், "அவர் சொன்னது சரிதானோ?" என்றான். "எல்லாம் மனசுலேர்ந்து வந்ததுதானோ? வீட்டுக்கே போயிடலாம்க்கா. போய் மானம் போனதுதான் மிச்சம்."

அக்காவுக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் திரும்பினால் வீடு. மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், நடுவில் கொஞ்சம் தூங்கலாம். இண்டிகேட்டரைக்கூடப் போட்டுவிட்டாள். அப்புறம்தான் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். வலி நின்றவன் முகமாக அது இல்லை. சாம்பல் பூத்த மாதிரி இருந்தது, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தினமும் காலையில் இருபது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறவள் அவள். ஒன்றுமில்லை என்று அம்மாக்கள் ஏற்றிவிடும் பிள்ளைகளில் எது பாதி வழியில் மயங்கும் என்று அவளுக்குத் தெரியும். இண்டிகேட்டரை அணைத்துவிட்டுப் பாலத்தின் மேல் ஏறினாள். அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே அவனை யாருக்கும் தெரியாது.

"அங்க என்ன சொல்லப் போற?" என்றான்.

"வயித்துவலின்னு."

"மாத்திரை?"

"சொல்ல வேணாம். எதுவுமே சொல்ல வேணாம்."

"தப்புக்கா. பாதிய மறைச்சு ரிப்பேருக்குக் குடுத்தா நான் அந்த வேலைய எடுக்கவே மாட்டேன்."

"நீ லிஃப்ட் இல்ல. வாய மூடிக்கிட்டு வா."

படிவத்தில் ஏற்கெனவே உள்ள நோய்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா இல்லை என்று எழுதினாள். தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள் என்ற கட்டத்திலும் அதையே எழுதினாள். இரண்டாவது தடவை எழுதும்போது எழுத்து கோணியது.

அங்கிருந்த டாக்டர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயிறு முழுவதும் உள்ளங்கையால் தடவித் தடவி அழுத்தினார், அழுத்தியதைச் சட்டென்று விட்டார். விட்டபோது தம்பி துள்ளினான். "எப்போ ஆரம்பிச்சது, எங்க ஆரம்பிச்சு எங்க போச்சு, வலி திடீர்னு குறைஞ்சுதா?" குறைந்தது என்றதும் டாக்டரின் முகம் மாறியது. நர்ஸை அழைத்து ஏதோ சொன்னார். முக்கால் மணி நேரத்தில் ஸ்கேன், ரத்தம் எல்லாம் முடிந்துவிட்டது. தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அறுவை டாக்டர் தாடியைச் சொறிந்துகொண்டே வந்து சொன்னார். "குடல்வால் வெடிச்சிருக்கு. அதான் வலி சட்டுனு குறைஞ்ச மாதிரி இருந்திருக்கு. சீழ் உள்ள பரவியிருக்கு. உடனே தியேட்டருக்கு எடுக்கணும். இவ்வளவு நேரம் எப்படிம்மா தாங்கினார்?"

அக்காவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. வலி நிஜம் என்கிற நிம்மதி. தம்பியின் வயிற்றுக்குள் குடல்வால் வெடித்திருக்கிறது என்று கேட்டு நிம்மதிப்படும்படி ஆகிவிட்டதே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. இன்னொரு வேன் டிரைவருக்கு போன் போட்டு, மதியம் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளச் சொன்னாள்.

மயக்க மருந்து டாக்டர் ஒரு தாளோடு வந்தார். நடுத்தர வயதுப் பெண், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். ஆஸ்துமா இருக்கா, பல் ஆடுதா, இதுக்கு முன்னாடி ஆபரேஷன் உண்டா என்று வரிசையாகக் கேட்டு டிக் போட்டார்.

"ரெகுலரா ஏதாவது மருந்து?"

"இல்ல" என்றாள் அக்கா.

டாக்டர் தம்பியின் கையைத் தூக்கிப் பார்த்தார். "கை ஏன் இப்படி நடுங்குது?"

"பயத்துல."

தம்பிக்குக் கண் பாதி சொருகியிருந்தது. உதட்டை அசைத்தான், சத்தம் வரவில்லை. அக்காவை மட்டும் பார்த்தான். அதில் கோபம் இல்லை. உன் இஷ்டம் என்று விட்டுவிட்ட பார்வை. அதுதான் அவளை உலுக்கியது. காலையில் அந்தக் கட்டிலிலும் அவன் இப்படித்தான், கையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் வராந்தாவில் பத்தடி போய்விட்டார். ஒரு நர்ஸ் வலிக்கான ஊசியை ட்ரேயில் எடுத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"டாக்டர், நில்லுங்க" என்று அக்கா ஓடினாள். "பொய் சொல்லிட்டேன். அவன் லித்தியம் சாப்பிடறான். ஆறு வருஷமா. ரெண்டு நாள் வாந்தில அது ஏறியிருக்கலாம்."

டாக்டர் நின்றார். முதலில் நர்ஸைப் பார்த்து, "அந்த ஊசி வேணாம், திருப்பிக் கொண்டு போ" என்றார். பிறகு இரண்டு மூன்று கட்டளைகள். லித்தியம் அளவு பார்க்க ரத்தம், சிறுநீரகத்துக்குத் தனியாக ரத்தம், சலைன் வேகமாக. அதற்குப் பிறகுதான் அக்காவிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "நான் குடுக்கற மருந்துல பாதிக்கு அதோட ஒத்துவராது. தெரியுமா? மேஜைல போயிருப்பார்."

அறுவை டாக்டரும் வந்துவிட்டார். "ஃபார்ம்ல இல்லன்னு எழுதியிருக்கீங்களேம்மா. படிச்சவங்கதானே?"

"காலைல உண்மைய சொன்ன இடத்துல தூங்கறதுக்கு ஊசி போட வந்தாங்க" என்றாள் அக்கா. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. "இங்கயும் சொல்லியிருந்தா ஸ்கேன் எடுத்திருப்பீங்களா டாக்டர்?"

அவர் வாயைத் திறந்தார். மயக்க மருந்து டாக்டர் குறுக்கிட்டு, "இப்ப அதுக்கு நேரமில்ல. வாங்க" என்று அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

ரத்தத்தில் அளவு ஏறித்தான் இருந்தது. ஆபரேஷன் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. அந்த ஒரு மணி நேரமும், அதன் பிறகு கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்த இரண்டே கால் மணி நேரமும், அக்கா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருந்தால் ஸ்கேன் எடுக்காமலே செத்திருப்பான், சொல்லாமல் நானே கொல்லப் பார்த்தேன் என்று திரும்பத் திரும்ப ஒரே நினைப்பு.

மாலையில் மயக்க மருந்து டாக்டர்தான் வெளியே வந்து சொன்னார். "பொழைச்சுக்கிட்டார். ரெண்டு நாள் ஐசியூல இருக்கட்டும்." போகப் போனவர் திரும்பினார். "நீங்க கேட்டதுக்கு பதில் சொல்லணும்ல. ஸ்கேன் எடுத்திருப்போம்னுதான் நினைக்கிறேன். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்."

ஒன்பதாம் நாள் தம்பி வீடு திரும்பினான். ஒரு மாதம் கழித்து, வழக்கமான மனநல டாக்டரைப் பார்க்க இருவரும் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த அம்மாள் ஐந்து வருடமாக அவனைப் பார்ப்பவர். அவசரப் பிரிவுக் குறிப்பைத் திரையில் இரண்டு முறை படித்தார். தழும்பைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டர்" என்றான் தம்பி. "உண்மையா எனக்கு என்ன? நாலு பேர் எழுதியிருக்காங்களே, அதுல எது நான்?"

"லித்தியம் உங்களுக்கு நல்லா வேலை செய்யுது. பைபோலார்ங்கறதுதான் கிட்ட வருது. மத்தது..." என்று இழுத்தார். "ஒவ்வொருத்தரும் உங்கள ஒவ்வொரு நாள் பார்த்தாங்க. அன்னைக்குத் தெரிஞ்சத எழுதினாங்க. எனக்கே முழு நிச்சயம் கிடையாது."

"நிச்சயம் இல்லன்னு ஒன்பது வருஷத்துல ஒருத்தர்கூட சொல்லல."

"நானும் சொல்லல. தப்புதான்."

அவன் எதிர்பார்த்தது வாக்குவாதம். தப்புதான் என்று எதிராளி சொல்லிவிட்டால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பை ஸ்பானரைத் தடவினான். "அப்ப அழிச்சிடுங்க. அந்தக் கேள்விக்குறிய மட்டுமாவது."

"எழுதினத அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல. புதுசா எழுதலாம்."

மூவரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார்கள். முந்தைய பெயர்களில் மூன்றுக்கு இப்போது ஆதாரம் இல்லை என்று டாக்டர் எழுதினார். லித்தியத்தோடு கொடுக்கக் கூடாத மருந்துகளைத் தம்பி கேட்டுச் சேர்த்தான். கடைசி வரி அக்காவுடையது. இவர் வலிக்கிறது என்றால் முதலில் உடம்பைப் பரிசோதிக்கவும். டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

ஆவண அறை கீழ்த்தளத்தில் இருந்தது. குமாஸ்தா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு ஓட்டை போட்டு, தடித்த கோப்பின் கடைசியில் கோத்தார். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.

"அண்ணே, இத முதல் பக்கமா வைக்கணும்" என்றான் தம்பி. "கம்ப்யூட்டர்லயும் மேல வரணும்."

"தேதி வரிசைலதான் போகும் தம்பி. முதல் பக்கத்துல வைக்க ஃபார்மட் கிடையாது."

"இவ்வளவையும் புரட்டிட்டு யார் கடைசிப் பக்கத்துக்கு வருவாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் கோக்கறவன்."

தம்பி சிரித்துவிட்டான். தையல் போட்ட இடம் இழுத்ததால் பாதியில் நிறுத்தினான். "சரி விடுக்கா. ஒரு காப்பி என் பையில வச்சுக்கறேன். வா போலாம்."

"காப்பி உன் பையில இருக்கும். நீ மயங்கிக் கெடந்தா பைய யார் பாக்கறது?" அக்கா குமாஸ்தாவிடம் திரும்பினாள். "ஃபார்மட் யார் போடறது?"

"கண்காணிப்பாளர். மூணாவது மாடி. மீட்டிங்ல இருப்பார். எப்ப வருவார்னு சொல்ல முடியாது."

மூன்றாவது மாடியில் அந்த அறைக்கு எதிரே ஒரு நீள பெஞ்சு இருந்தது. அக்கா தாளின் நகலை மடியில் வைத்து உட்கார்ந்தாள். உள்ளே யாரும் இல்லை, ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. உதவியாளர் வந்து, என்ன விஷயம் என்றார். "ஒரு பக்கத்த இடம் மாத்தணும்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. நேரமாகும் என்றார்.

"ஆகட்டும்" என்றாள்.

தம்பி வயிற்றைக் கையால் தாங்கியபடி மெதுவாக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"லேசா."

எங்கே என்று கேட்டாள். அவன் காட்டினான்.